கிரீன்லாந்தின் ஸ்லெட் நாய்களைப் படமெடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடதுருவப் பகுதிக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் துருவ ஒளியையும் பனிப்பாறைகளையும் தேடித்தான் போகிறார்கள். ஆனால் கிரீன்லாந்தின் வட ஊர்களில் இறங்கியதும் முதலில் காதில் விழுவது நாய்களின் ஊளை. ஸ்லெட் என்னும் பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் அந்த நாய்களையும், அவற்றை வைத்துப் பிழைக்கும் வேட்டைக்காரர்களையும் மீனவர்களையும் படமெடுக்க விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேமராவைவிட நாயையும் பனியையும் மனிதரையும் பற்றித்தான் அதிகம் வரும். அங்கே நடக்கும் வேலை என்னவென்று புரியாமல் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெறும் அட்டைப்படமாகவே நின்றுவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

அலாஸ்காவிலும் பின்லாந்திலும்கூட ஸ்லெட் நாய்கள் இருக்கின்றனவே, ஏன் கிரீன்லாந்து?

இருக்கின்றன. அலாஸ்காவில் இன்று நாய்வண்டி பெரும்பாலும் பந்தயம். 1973 முதல் நடக்கும் இடிடரோட் நெடுந்தூரப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. பின்லாந்தின் லாப்லாந்தில் அது சுற்றுலா. இரண்டிலும் நல்ல படங்கள் எடுக்கலாம்.

கிரீன்லாந்தில் நாய் இன்னும் சம்பாதித்துக் கொடுக்கிறது. மேற்குக் கரை ஊரான இலுலிசாட் பக்கத்தில் குளிர்காலத்தில் மீனவர்கள் நாய்வண்டியில் கடற்பனிமீது போய், பனியில் துளையிட்டு, பல நூறு மீட்டர் ஆழத்துக்குத் தூண்டில் கயிற்றை இறக்கி ஹாலிபட் மீன் பிடிக்கிறார்கள். வடமேற்குக் கோடியில் இருக்கும் கானாக் பகுதியில் சீல், வால்ரஸ் வேட்டைக்கு நாய்வண்டி. பனிக்கரடி வேட்டைக்குச் சட்டமே நாய்வண்டியின் பக்கம் நிற்கிறது. உரிமம் பெற்ற உள்ளூர் வேட்டைக்காரர்கள் மட்டுமே, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வேட்டையாடலாம். பனிமீது ஓடும் மோட்டார் வண்டியில் போய்க் கரடியைத் துரத்தக் கூடாது.

கனடாவின் வடக்கிலும் இதே வாழ்க்கை இருந்தது. 1950களிலிருந்து 1970கள் வரை, வடதுருவப் பழங்குடியினரான இனுயிட் மக்களின் குடும்பங்கள் நிரந்தரக் குடியிருப்புகளுக்குள் கொண்டுவரப்பட்ட காலத்தில் ஏராளமான ஸ்லெட் நாய்கள் போலீசாராலும் அதிகாரிகளாலும் சுட்டுக் கொல்லப்பட்டன. நாய் போனால் வேட்டை போயிற்று. வேட்டை போனால் சாப்பாடும் தன்மானமும் போயிற்று. இனுயிட் மக்களே அமைத்த கிக்கிக்தானி உண்மை ஆணையம் முதியவர்களின் சாட்சியங்களைப் பதிவு செய்தது. கனடா அரசு 2019இல் கிக்கிக்தானி பகுதி இனுயிட் மக்களிடமும், 2024இல் நுனாவிக் பகுதி இனுயிட் மக்களிடமும் மன்னிப்புக் கேட்டது. ஒரு நாய்க்கூட்டம் ஒரு சமூகத்துக்கு என்னவாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

இவை ஹஸ்கி நாய்கள்தானே?

இல்லை. சைபீரியன் ஹஸ்கி வேறு, அலாஸ்கன் ஹஸ்கி வேறு, கிரீன்லாந்து நாய் வேறு. இது ஹஸ்கியைவிடக் கனமான உடம்பு, அகன்ற மார்பு, இரட்டை அடுக்கு ரோமம், முதுகின்மேல் சுருண்ட வால் கொண்டது. கண்கள் பழுப்பு. நீலக்கண் நாயின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

சைபீரியாவுக்கு வடக்கே ஜோகோவ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய நாய் எலும்பும் ஸ்லெட் பாகங்களும் கிடைத்தன. அந்த நாயின் மரபணுவை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, இன்றைய கிரீன்லாந்து நாய்களோடு அதற்கு நெருங்கிய உறவு இருப்பதைக் காட்டியது. பனியில் வண்டி இழுக்கும் தொழில் அவ்வளவு பழையது.

எந்த ஊருக்குப் போக வேண்டும்?

தலைநகர் நூக்கில் இறங்கி ஸ்லெட் நாயைத் தேடாதீர்கள். அங்கே கிடையாது. மேற்குக் கரையில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயும், கிழக்குக் கரையிலும்தான் ஸ்லெட் நாய்ப் பகுதி. அந்தப் பகுதிக்குள் வேறு இன நாய்களை வளர்க்கக் கூடாது. அங்கிருந்து வெளியே போன ஸ்லெட் நாய் திரும்பி உள்ளே வரவும் முடியாது. இனம் கலக்காமல் இருப்பதற்கும் நோய் வராமல் இருப்பதற்கும் இந்தச் சட்டம்.

முதல் முறை போகிறவர்களுக்கு இலுலிசாட், அல்லது எல்லைக்குச் சற்று உள்ளே இருக்கும் சிசிமியூட். தங்குமிடம், வழிகாட்டி, விமானம் எல்லாம் கிடைக்கும். இலுலிசாட்டில் 2004இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான பனிப்பாறைக் குடா பக்கத்திலேயே இருக்கிறது. மலைகளும் வண்டிகளும் ஒரே சட்டகத்தில் வேண்டுமென்றால் கிழக்கில் தசீலாக். கோடையில் மட்டும் போக முடிகிறவர்கள் டிஸ்கோ தீவின் கெகெர்தார்சுவாக்கைப் பார்க்கலாம். ஊருக்கு மேலே இருக்கும் பனியாற்றின்மேல் கோடையிலும் வண்டி ஓட்டுகிறார்கள்.

கானாக் தனி உலகம். 77 டிகிரி வடக்கில் இருக்கிறது. செலவு அதிகம், வானிலையால் நாட்கணக்கில் மாட்டிக்கொள்ளலாம். வாழ்க்கையின் மையத்தில் நாய்வண்டி இருப்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் முதல் பயணமாக அங்கே போக வேண்டாம் என்பேன்.

கானாக் போகிறவர்கள் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

அந்த ஊரின் பிறப்பு. அங்குள்ளவர்கள் இனுயிட் மக்களில் இனுகுயிட் என்னும் வடக்குப் பிரிவினர். அமெரிக்கா தூலே விமானத் தளத்தை விரிவாக்கியபோது, 1953இல் அவர்கள் தங்கள் பழைய ஊரிலிருந்து வடக்கே 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி அனுப்பப்பட்டார்கள். வண்டிகளில் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு நாய்களோடு போனார்கள். டென்மார்க் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 1999இல். தளம் இன்றும் இருக்கிறது, பிடுஃபிக் விண்வெளித் தளம் என்ற பெயரில். கானாக்கில் ஒரு முதியவரின் முகத்தைப் படமெடுக்கும்போது இந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேச்சு எங்கே போகும், எங்கே மௌனம் வரும் என்பது அப்போதுதான் புரியும்.

எந்த மாதம் நல்லது?

மார்ச், ஏப்ரல். பனி கெட்டியாக இருக்கும், பகல் நீளமாக இருக்கும், சூரியன் தாழ்வாகவே வலம் வருவதால் நிழல்கள் நீண்டு கிடக்கும். குளிர் மைனஸ் 15இலிருந்து மைனஸ் 30 வரை போகலாம்.

இலுலிசாட்டில் நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி 13 வாக்கில் திரும்புகிறது. ஊர் மக்கள் குன்றின்மேல் கூடி அதை வரவேற்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். அந்த வாரத்தில் வெளிச்சம் சில நிமிடங்கள்தான் என்றாலும் படமெடுக்க அருமையான நேரம். கானாக்கில் அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியனே இல்லை. தெற்கு அடிவானத்தில் நீல வெளிச்சம் மட்டும் சிறிது நேரம் தெரியும்.

தேசிய நாய்வண்டிப் பந்தயமான அவன்னாதா கிமுசெர்சுவாவும் வசந்த காலத்தில்தான். ஒரே இடத்தில் பல குழுக்களைப் பார்க்கலாம், கூட்டத்தின் உற்சாகமும் கிடைக்கும்.

நாய்களைத் தொடலாமா? பக்கத்தில் போய் எடுக்கலாமா?

கூடாது. உரிமையாளர் கூடவே இருந்து, அவரே சொன்னால் மட்டும். இவை வீட்டு நாய்கள் அல்ல. சங்கிலியின் எட்டும் தூரத்துக்குள் கால் வைக்கவே வைக்காதீர்கள், குனிந்து உட்காரவும் வேண்டாம். கிரீன்லாந்தில் இந்த நாய்களிடம் சிக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அவிழ்ந்து திரியும் குட்டிகள் ஓடிவந்து காலைச் சுற்றும். அவற்றைப் படமெடுக்கலாம், ஆனால் பக்கத்தில் தாய் நாய் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆர்க்டிக் நரிகளிடம் வெறிநோய் உண்டு என்பதால் கடி என்றால் உடனே மருத்துவமனை.

நாய்களைச் சங்கிலியில் கட்டி வெளியே பனியில் விடுவது கொடுமை இல்லையா?

இந்தக் கேள்வி நியாயமானது. ஊருக்கு வெளியே பாறைமேட்டில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் நாய்களைப் பார்த்து முதல் நாளே மனம் கலங்குகிறவர்கள் நிறைய பேர். அந்தக் கலக்கத்தோடு எடுத்த படம் அன்று இரவே சமூக ஊடகத்துக்குப் போய்விடுகிறது.

கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். இந்த நாய் மைனஸ் 30இல் வெளியே படுத்துத் தூங்க உருவானது. பனி பெய்தால் மூக்கை வாலுக்குள் புதைத்துச் சுருண்டு படுக்கும், பனி அதன்மேல் மூடும், அதுவே போர்வை. கதகதப்பான வீட்டுக்குள் வைத்தால்தான் அதற்குத் துன்பம். குட்டிகள் முதல் சில மாதங்கள் ஊருக்குள் அவிழ்ந்து திரிகின்றன. வளர்ந்த நாய்களைக் கட்டுவது மனிதர்களின், முக்கியமாகக் குழந்தைகளின் பாதுகாப்புக்காகச் சட்டம் வைத்த ஏற்பாடு. நாய்க்குழுக்கள் ஒன்றோடொன்று சண்டையிட்டால் உயிர்ச்சேதம் ஆகும் என்பது இன்னொரு காரணம்.

கோடைதான் அவற்றுக்குக் கஷ்டமான காலம். வேலை இல்லை, வெயில், கொசு. வேலை இல்லாத மாதங்களில் தினமும் சாப்பாடு போடுவதும் வழக்கம் இல்லை. எல்லா உரிமையாளரும் ஒரே மாதிரி கவனிப்பதும் இல்லை. தண்ணீர் இல்லாமல் கட்டிக் கிடக்கும் நாயைப் பார்த்து வருத்தப்படும் உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றிச் சட்டமும் இருக்கிறது. ஆகவே சங்கிலியைச் சட்டகத்திலிருந்து வெட்ட வேண்டாம், சங்கிலியை மட்டும் காட்டவும் வேண்டாம். முடிந்தால் அதே நாயைச் சேணம் பூட்டும் நேரத்தில் படமெடுங்கள். உரிமையாளர் பட்டையோடு வருவதைப் பார்த்ததும் கட்டிய இடத்திலேயே துள்ளிக் குதித்து ஊளையிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கிலிப் படம் முழுக் கதை அல்ல என்று தெரிந்துவிடும்.

படம் நன்றாக வர வண்டியைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

நிறையவே. நாய்களைப் பூட்டும் முறையிலிருந்து தொடங்குங்கள். அலாஸ்காவில் இரண்டிரண்டாக வரிசையில் பூட்டுவார்கள். மரங்களுக்கு நடுவே குறுகிய பாதையில் போக அது வசதி. கிரீன்லாந்தில் மரமே இல்லாத வெட்டவெளி. ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கயிறு, எல்லாக் கயிறும் வண்டியின் முன்னால் ஒரே முடிச்சில் சேரும். எட்டிலிருந்து பதினைந்து நாய்கள் விசிறி விரித்தாற்போல் பரவி ஓடும். கடற்பனி மெல்லியதாக இருக்கும் இடத்தில் எடை ஒரே புள்ளியில் விழாமல் பரவ இது உதவுகிறது. கரடுமுரடான பனியில் ஒவ்வொரு நாயும் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளவும் முடிகிறது.

ஓடும்போது நாய்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒன்று அடுத்ததன் கயிற்றைத் தாண்டும், இன்னொன்று அடியில் நுழையும். கொஞ்ச நேரத்தில் கயிறெல்லாம் ஜடை பின்னியது போல் ஆகிவிடும். அப்போது வண்டிக்காரர் நிறுத்தி, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரல்களால் உறைந்த முடிச்சுகளை அவிழ்ப்பார். என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் எடுக்க வேண்டிய படம் அதுதான். சிவந்த விரல்கள், பனி ஒட்டிய கயிறு, சுற்றிலும் மூச்சு வாங்கும் நாய்கள். ஓட்டத்தைப் படமெடுக்க எல்லாரும் காத்திருப்பார்கள், இந்த இடைவேளையில் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

வண்டி மரத்தால் ஆனது. பாகங்களை ஆணி அடித்து இறுக்காமல் கயிற்றால் கட்டுவதால் மேடு பள்ளத்தில் வளைந்து கொடுக்கும். கானாக் பக்கம் வண்டிகள் நீளமானவை, கடற்பனியின் வெடிப்புகளைத் தாண்டுவதற்காக. பின்புறம் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கட்டைகளைப் பிடித்துத்தான் தள்ளுவார்கள், திருப்புவார்கள். பிரேக் என்று ஒன்று கிடையாது. இறக்கத்தில் சறுக்குக் கட்டைகளுக்கு அடியில் சங்கிலியையோ தடித்த கயிற்றையோ போட்டு வேகத்தைக் குறைப்பார்கள். மிகச் செங்குத்தான இறக்கமானால் நாய்களை வண்டிக்குப் பின்னால் கொண்டுவந்து, அவற்றின் பிடிமானத்திலேயே மெதுவாக இறக்குவார்கள். இந்தக் காட்சி அபூர்வம். மலை கடக்கும் பயணமானால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல மீட்டர் நீளமான அந்தச் சாட்டை நாயின் பக்கத்தில் பனியில் விழும். எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நாய்கள் திரும்பும். குரல் கட்டளைகளோடு சேர்ந்து வேலை செய்யும் திசைகாட்டி அது. சாட்டை காற்றில் இருக்கும் நொடியைப் படமெடுத்தால், குறிப்பில் இதையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் பார்ப்பவர் நாயை அடிக்கிறார்கள் என்றே நினைப்பார்.

வண்டியில் உட்கார்ந்து எடுத்தால் வால்கள்தான் வருகின்றன. என்ன செய்வது?

வால்களும் நல்ல படம்தான். விசிறியாகப் பரவிய முதுகுகளும் அடிவானமும், 24 மி.மீ. லென்ஸில், வண்டிக்காரரின் தோளுக்கு மேலிருந்து. ஆனால் அது ஒரு படம்.

முகங்கள் வேண்டுமென்றால் இரண்டு வண்டிகள் ஏற்பாடு செய்யுங்கள். ஒன்றில் நீங்கள், மற்றது பக்கவாட்டில். 70-200 லென்ஸ் போதும். அல்லது வண்டிக்காரரோடு பேசி, வளைவுக்கு முன்பே உங்களை இறக்கிவிடச் சொல்லுங்கள். பாதையிலிருந்து நன்றாக விலகி, அவர் காட்டும் இடத்தில் நில்லுங்கள். நாய்களுக்கு நேர் எதிரே பனியில் படுத்துத் தாழ்கோணம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பிரேக் இல்லாத வண்டி, சுமையோடு சில நூறு கிலோ எடை. அவரால் நிறுத்த முடியாது.

கிளம்பும் முன் நாய்கள் போடும் கூச்சலில் காது வலிக்கும். கிளம்பிய நொடி அமைதி. அந்த முதல் சில விநாடிகளில்தான் நாய்கள் முழு பலத்தோடு பாய்கின்றன. கேமரா அப்போது கையில், ஆன் செய்த நிலையில் இருக்கட்டும். அதே சமயம் இன்னொரு கையால் வண்டியை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேமரா செட்டிங் என்ன?

பனியைப் பார்த்ததும் கேமராவின் மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் 1இலிருந்து பிளஸ் 1.7 வரை ஏற்றுங்கள், ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், ரா ஃபைலாக எடுங்கள். வெண்பனியில் கறுப்பு நாய் என்றால் பனியின் விவரம் கொஞ்சம் போனாலும் நாயின் கண் தெரிய வேண்டும்.

ஓட்டத்துக்கு ஷட்டர் வேகம் 1/1000 அல்லது அதற்கு மேல். பக்கத்து வண்டியைத் தொடர்ந்து திருப்பி எடுப்பதானால் 1/30இலிருந்து 1/60. விலங்குக் கண் ஃபோகஸ் இருந்தால் பயன்படுத்துங்கள். பத்து நாய்களுக்கு நடுவே அது தாவிக்கொண்டே இருந்தால் ஒரு புள்ளியை நீங்களே தேர்ந்தெடுங்கள். சூரியனுக்கு எதிராக எடுத்தால் மூச்சுக்காற்றின் ஆவி ஒளிரும். ஃபிளாஷ் வேண்டாம். பறக்கும் பனித்துகள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகும், நாய்களும் மிரளும்.

குளிரில் கேமரா தாங்குமா?

கேமரா தாங்கும். பேட்டரிதான் படுத்துவிடும். மூன்று நான்கு உபரிப் பேட்டரிகளை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். தீர்ந்ததாகக் காட்டும் பேட்டரியை எறிந்துவிடாதீர்கள். சூடாக்கினால் கொஞ்சம் உயிர் வரும்.

பெரிய ஆபத்து வெளியே இல்லை, வீட்டுக்குள் நுழையும்போதுதான். உறைந்த கேமரா சூடான அறைக்குள் வந்ததும் லென்ஸிலும் உள்ளேயும் நீர் வேர்க்கும். வெளியிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே வந்து சில மணி நேரம் பையைத் திறக்காமல் விடுங்கள். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே எடுத்துவிடுங்கள். வியூஃபைண்டரில் மூச்சு விடாதீர்கள், அங்கேயே உறைந்துவிடும். உலோகத்தை வெறும் தோலால் தொட வேண்டாம். மெல்லிய உள்கையுறை, அதன்மேல் விரல் பிரியாத தடித்த கையுறை.

உடை?

நீண்ட பயணங்களுக்கு அங்கேயே சீல் தோல் அல்லது கலைமான் தோல் உடை வாடகைக்குத் தருகிறார்கள். வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு நம் மலையேற்ற ஜாக்கெட் போதாது. கானாக் வேட்டைக்காரர்கள் பனிக்கரடித் தோல் கால்சட்டை அணிவது ஆடம்பரம் அல்ல. ஈரம் பிடிக்காது, பனியை உதறினால் போய்விடும், மணிக்கணக்கில் பனியில் உட்காரலாம். தோலைச் சுரண்டி, பதப்படுத்தி, தைக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. நாய்வண்டிப் படத்தொகுப்புகளில் அவர்கள் காணாமல் போவது பெரிய குறை. 1921இலிருந்து 1924 வரை நடந்த ஐந்தாவது தூலே பயணத்தில் கிரீன்லாந்தில் பிறந்த ஆய்வுப் பயணி க்னுட் ராஸ்முசென் நாய்வண்டியில் கனடாவைக் கடந்து அலாஸ்கா வரை போனபோது, கூடவே முழுத்தூரமும் போனவர்கள் கானாக் பகுதியைச் சேர்ந்த இருவர். அதில் ஒருவர் அர்னாருலுங்குவாக் என்ற பெண். அவருடைய தையல் இல்லாமல் அந்தப் பயணம் நடந்திருக்காது.

வேட்டையைப் படமெடுக்கலாமா? ரத்தம் வருமே?

வேட்டைக்காரர் சம்மதித்தால் எடுக்கலாம். வெளியிடுவதில்தான் கவனம் வேண்டும், அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது.

1970களிலும் 1980களிலும் கனடாவின் கிழக்குக் கரையில் வெள்ளை ரோமச் சீல் குட்டிகள் அடித்துக் கொல்லப்படும் படங்கள் உலகமெங்கும் பரவின. 1983இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அந்தக் குட்டிகளின் தோலை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள் அந்தக் குட்டிகளை வேட்டையாடுவதில்லை. இறைச்சிக்காக வளர்ந்த சீலைப் பிடித்து, தோலை விற்று, அந்தப் பணத்தில் எரிபொருளும் தோட்டாவும் வாங்குகிறவர்கள். ஆனால் வாங்குபவர்கள் வித்தியாசம் பார்க்கவில்லை. எல்லாச் சீல் தோலின் விலையும் சரிந்தது. 2009இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விரிவான தடையில் இனுயிட் மக்களுக்கு விலக்கு இருந்தும் சந்தை மீளவில்லை.

அதாவது, வேறு இடத்தில் எடுத்த சில படங்கள் இங்கே பல குடும்பங்களின் வருமானத்தை அடியோடு சாய்த்தன. பனியில் ரத்தத்தோடு நிற்கும் மனிதரின் படத்தை உங்கள் பக்கத்தில் போடும்போது, அந்தச் சீலின் இறைச்சி யாருக்குப் போனது, நாய்களுக்கு எவ்வளவு, தோல் என்ன ஆனது என்று சேர்த்து எழுத முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் படம் வெளியே வர வேண்டாம்.

படமெடுக்க அனுமதி எப்படிக் கேட்பது?

கேமராவைக் காட்டிக் கேளுங்கள், முகத்தைப் பாருங்கள். இனுயிட் மக்களிடம் புருவத்தை உயர்த்தினால் ஆம். மூக்கைச் சுளித்தால் இல்லை. பதில் சொல்லவில்லையே என்று நினைத்து மறுபடி மறுபடி கேட்பவர்கள் பலர். பதில் எப்போதோ வந்திருக்கும்.

வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது பயணத்துக்கு. அவருடைய முகம், குடும்பம், வீடு எல்லாம் அதற்குள் அடக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்தநாள், முதல் பள்ளி நாள் போன்றவற்றுக்கு வீட்டைத் திறந்து வைத்துக் காபியும் கேக்கும் கொடுக்கும் காஃபிமிக் விருந்துக்கு யாராவது கூப்பிட்டால் போங்கள். செருப்பை வாசலில் கழற்றுங்கள், சாப்பிடுங்கள், பேசுங்கள். கேமரா பைக்குள்ளேயே இருந்தாலும் பரவாயில்லை. யுனெஸ்கோ 2021இல் பட்டியலில் சேர்த்த இனுயிட் மேள நடனத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தாலும் அப்படித்தான், முதலில் முழுதாகக் கேட்டுவிட்டுப் பிறகு எடுங்கள்.

நாய்கள் தண்ணீர்மேல் நடப்பது போன்ற அந்தப் படம் உண்மையா?

உண்மை. 2019 ஜூன் 13 அன்று கானாக் அருகே இங்கிள்ஃபீல்ட் ஃப்யோர்டு என்னும் கடற்குடாவில், டென்மார்க் வானிலை நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானி ஸ்டெஃபென் ஓல்சென் எடுத்தது. கடலில் வைத்திருந்த ஆய்வுக் கருவிகளை மீட்க உள்ளூர் வேட்டைக்காரர்களோடு போனபோது எடுத்தார். நீல நீர்ப்பரப்பின்மேல் நாய்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போகின்றன.

நாய்களுக்குக் கீழே ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த கடற்பனி இருந்தது. திடீர் வெப்பத்தில் மேற்பரப்பு வேகமாக உருகிற்று. பனியில் வெடிப்புகள் குறைவு என்பதால் நீர் கீழே வடியாமல் மேலேயே தேங்கியது. உலகம் அதைக் காலநிலை மாற்றத்தின் சின்னமாக எடுத்துக்கொண்டது. வெப்பம் கூடி வருவது உண்மை. ஆனால் ஓல்சென் சொன்ன விளக்கம் இல்லாமல் பரவிய இடங்களில் நாய்கள் மூழ்கப்போவதாகவே மக்கள் நினைத்தார்கள். வெடிப்புகள் எங்கே என்று அறிந்து, அந்த நீருக்கு நடுவே வழி பிடித்துப் போன வேட்டைக்காரர்களின் அறிவை யாரும் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. படத்தில் நாய்களைவிடப் பெரிய விஷயம் அதுதான்.

இந்த நாய்கள் அழிந்துவருகின்றனவா?

எண்ணிக்கை வேகமாகக் குறைந்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் இருந்ததோடு ஒப்பிட்டால் 20 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. கடற்பனி தாமதமாக உறைந்து சீக்கிரம் உடைகிறது. நாய்வண்டி ஓடும் மாதங்கள் சுருங்கும்போது, ஆண்டு முழுதும் பத்துப் பன்னிரண்டு நாய்களுக்குத் தீனி போட மீனவருக்குக் கட்டுப்படியாகவில்லை. மோட்டார் பனிவண்டி வேலை இல்லாதபோது சாப்பிடாது. நாய்களைத் தாக்கும் தொற்று நோய்களும் அவ்வப்போது வந்து குழுக்களைக் காலி செய்திருக்கின்றன. இன்னொரு பக்கம், பனி மெலிந்த இடத்தை நாய் உணர்ந்து நிற்கும், இயந்திரம் நிற்காது என்று சொல்லி நாய்களை விடாமல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

நாய்கள் பூட்டியிருக்கும்போதும் வேட்டை நடக்கும்போதும் வேண்டாம். நாய் மிரளும், சீல் துளைக்குள் போய்விடும். மற்ற இடங்களில் உள்ளூர் விதியைக் கேட்டுவிட்டு.

யாருடைய படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

ஐஸ்லாந்தின் ராக்னர் ஆக்செல்சன். 1980களிலிருந்து கிரீன்லாந்து வேட்டைக்காரர்களோடு பயணம் செய்து பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவர் படங்களில் புயலும் பனியும் மனிதரும் ஒரே பொருளாலானவை போலத் தெரியும். டென்மார்க்கின் கார்ஸ்டன் எகெவாங் உயிரியல் ஆய்வாளரும்கூட. ஸ்லெட் நாய்களைப் பற்றிய பெரிய ஆய்வுத் திட்டத்தோடு சேர்ந்து நாய்க் கலாசாரத்தை ஆவணப்படுத்தியவர். இருவருமே அதே ஊர்களுக்கு ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போனவர்கள்.

விசா, பயணம்?

கிரீன்லாந்து டென்மார்க் அரசுக்கு உட்பட்டது, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழிசெய்யும் ஷெங்கன் பகுதியில் இல்லை. இந்தியா அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா மட்டும் போதாது. டென்மார்க் வழியாக விண்ணப்பிக்கும்போதே கிரீன்லாந்துக்கும் செல்லும் என்று குறிப்பிட்ட விசாவைக் கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலோர் கோபன்ஹேகன் வழியாகப் போகிறார்கள். நூக்கின் புதிய பெரிய விமான நிலையம் 2024 நவம்பரில் திறந்தது. ஊருக்கு ஊர் சாலை கிடையாது. உள்நாட்டு விமானம், ஹெலிகாப்டர், கோடையில் கப்பல். பனிமூட்டம் வந்தால் எல்லாம் நிற்கும், ஆகவே திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் சில நாட்கள் கூடுதலாக வையுங்கள்.

எடுத்த படங்களை அவர்களுக்குக் கொடுக்க வேண்டுமா?

கட்டாயம் கொடுங்கள். கிரீன்லாந்தில் ஃபேஸ்புக் பயன்படுத்தாதவர் குறைவு, அதிலேயே அனுப்பலாம். ஆனால் அச்சிட்ட படத்துக்கு மதிப்பு அதிகம். வண்டிக்காரரின் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். அவருடைய நாய்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். வெளியிடும் படங்களில், அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். எந்த நாய் குழுவை நடத்துகிறது, எது மற்ற நாய்களை அடக்கி வைக்கிறது என்று பயணத்தின்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல குழுக்களில் இந்த இரண்டும் ஒரே நாய் அல்ல, ஊர் திரும்பிய பிறகு படத்தைப் பார்த்து ஊகித்து எழுதினால் தவறாகிவிடும்.